தீவுக் கிராமங்களுக்குக் குடிநீர்: வெளிநாட்டுத் தன்னார்வலருக்கான முழுமையான வழிகாட்டி

குடிநீர் வேலைக்காக ஒரு தீவுக்குப் போகும் தன்னார்வலர் பெரும்பாலும் ஒரு ஃபில்டரையோ தொட்டியையோ மனதில் வைத்துக்கொண்டுதான் படகில் ஏறுகிறார். எதைப் போடப்போகிறோம் என்பது முடிவாகியிருக்கும். அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்திருப்பார். பாழாய்ப்போன தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம் என்பேன்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் தகவல் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. அமைப்பைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுங்கள்

தனியாளாகப் போய் இறங்கி இந்த வேலையைச் செய்ய முடியாது. அரசு அனுமதி, ஊரின் ஒப்புதல், சாமான் ஏற்றி இறக்க ஆட்கள் எல்லாம் அங்கே ஏற்கெனவே வேலை செய்துவரும் அமைப்புக்குத்தான் அமையும். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் போன்றவை வாழ்க்கைச் செலவுக்கு மாதப் படி கொடுத்து நீண்ட காலத்துக்கு எடுக்கின்றன; அதற்கேற்ற படிப்பும் அனுபவமும் கேட்பார்கள். நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு ஓரிரு வாரங்களுக்கு அழைத்துப்போகும் அமைப்புகளும் உண்டு. பணம் வாங்குவதாலேயே அவை மோசம் என்று சொல்லமாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

"ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் அமைத்தவற்றில் இன்று எத்தனை ஓடுகின்றன?" இதுதான் முதல் கேள்வி. எண்ணிக்கையோடும், எது ஏன் நின்றுபோனது என்ற விளக்கத்தோடும் பதில் வந்தால் அவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திறப்பு விழாப் படங்களை மட்டும் அனுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்து, "இந்த வேலையைக் கேட்டது யார்?" என்று கேளுங்கள். ஊர் கேட்டிருந்தால் வேலைக்கும் பராமரிப்புக்கும் ஆள் வரும். வெளியிலிருந்து தீர்மானித்திருந்தால் நீங்கள் போன பிறகு அது யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிடும்.

மூன்றாவது கேள்வி உங்களுக்கே. நான் செய்யப்போகும் வேலையை அந்த ஊர்க்காரர் ஒருவர் கூலிக்குச் செய்ய முடியாதா? குழி தோண்டுவது, சிமென்ட் கலப்பது எல்லாம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வரும். நீர்ப் பரிசோதனை, அளவெடுப்பு, கணக்கு, பயிற்சி இவற்றில் உங்களுக்குக் கை பழகியிருந்தால் உங்கள் பயணத்துக்குப் பொருள் உண்டு. பழகவில்லை என்றால் பயணத்தை ஆறு மாதம் தள்ளிவைத்து, இருக்கும் ஊரிலேயே ஒரு பிளம்பரோடு வேலை பாருங்கள்.

விசாவையும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காத வேலைக்கும் சுற்றுலா விசா போதாது என்கிற நாடுகள் பல. எந்த விசாவில் வர வேண்டும் என்பதை அந்த அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள்.

2. உடம்பும் பெட்டியும்

பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசிகள் வேலை செய்யத் தொடங்க அவ்வளவு அவகாசம் வேண்டும். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். உங்களுக்கே வயிற்றுப்போக்கு இருந்தால் அது நிற்கும்வரை பயணத்தைத் தள்ளிவையுங்கள். தண்ணீர் வேலையில் கை வைக்கக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் கரீபியன் கடலிலுள்ள ஹைட்டி நாடு. 2010 அக்டோபரில் அங்கே காலரா பரவியது. ஐ.நா. அமைதிப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் தொடக்கம் என்று ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்தவர்கள் வழியாகவே நோய் வந்தது. ஆகவே உங்கள் குழு எங்கே கழிவறை போகும், அந்தக் கழிவு எங்கே போகும் என்பதை ஊரின் குடிநீரைப் பற்றிப் பேசும் முன்பே தீர்த்துவிட வேண்டும்.

பெட்டியில் பரிசோதனைப் பொருட்களுக்கு முதலிடம்: குளோரின் அளக்கும் டி.பி.டி. மாத்திரைகள், உப்புத்தன்மை காட்டும் மின்கடத்து மீட்டர், பாக்டீரியா பரிசோதனைக் குப்பிகள், அளவு நாடா. குளோரின் பவுடரை விமானப் பெட்டியில் வைக்காதீர்கள். அது ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீயை மூட்டக்கூடிய பொருள். பயணிகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. தலைநகரிலேயே வாங்கிக் கப்பலில் அனுப்பச் சொல்லுங்கள்.

குழாய், வால்வு, இணைப்புகளை நம் ஊரிலிருந்து சுமந்துபோவதும் பெரிய தவறு. அங்கே கிடைக்கும் குழாயோடு மரை பொருந்தாது. ஒருவேளை பொருந்தினாலும் உடைந்தால் மாற்று கிடைக்காது. அந்த நாட்டுக் கடையில் என்ன அளவு விற்கிறதோ அதுதான் உங்கள் அளவு.

3. முதல் வாரம் எதையும் கட்டாதீர்கள்

போன உடனே கையில் மண்வெட்டி எடுக்கத் தோன்றும். பொறுத்திருங்கள். தண்ணீர் எடுக்கப் போகிறவர்களோடு விடியற்காலையில் நடந்து போய்ப் பாருங்கள். யார் சுமக்கிறார்கள், எதில் சுமக்கிறார்கள், குடிக்க ஓரிடம், துவைக்க வேறிடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்களா, கோடையில் எங்கே போகிறார்கள் என்று கவனியுங்கள். ஊரில் எந்தக் கிணறு எந்த மாதத்தில் உப்புக் கரிக்கும் என்பது சுமக்கிறவர்களுக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. அதனால் பெண்களோடு தனியாகப் பேசவும் நேரம் ஒதுக்குங்கள்.

பழைய அமைப்புகளின் மிச்சத்தையும் தேடுங்கள். விரிசல் விட்ட தொட்டி, துருப்பிடித்த கைபம்பு ஏதாவது இருக்கும். ஏன் நின்றது என்று விசாரித்தால் உங்கள் திட்டத்துக்கு வேண்டிய பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். சில இடங்களில் ஒரு வாஷர் மாற்றினாலே போதும். அப்படியானால் புதிதாகக் கட்டாதீர்கள், அதைப் பழுதுபாருங்கள்.

அப்புறம் நிலம். ஊற்று ஒரு குடும்பத்தின் நிலத்தில் இருக்கும், குழாய் இன்னொருவர் தோட்டத்தைக் கடக்கும். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் நிலம் அனைத்தும் பரம்பரை உரிமையாளர்களுக்கே சொந்தம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. உரிமையாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, எழுதிக் கையெழுத்து ஆகாமல் ஓர் அடி குழாயும் பதிக்கக் கூடாது. பின்னால் மனத்தாங்கல் வந்தால் குழாயைத்தான் வெட்டுவார்கள்.

4. பராமரிப்பாளரை முதலில் பிடியுங்கள்

வடிவமைப்புக்கு முன்பே இந்தப் படி. ஊரிலேயே தங்கி இருக்கப்போகிற இரண்டு பேரை ஊரே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு பேர் ஏனென்றால் ஒருவர் வேலை தேடித் தலைநகருக்குப் போய்விடுவார். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. குழாய் நின்றால் முதலில் பாதிக்கப்படுவது அவர்தான், உடனே சரிசெய்வார்.

இனிமேல் எடுக்கும் ஒவ்வோர் அளவையும் இவர்கள் கையால் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் "இது உடைந்தால் நீங்கள் எங்கே வாங்குவீர்கள், கப்பல் எத்தனை நாளில் வரும்?" என்று இவர்களையே கேளுங்கள். பதில் இல்லாத பொருள் பட்டியலிலிருந்து போகட்டும். சூரிய சக்தி பம்பு, அல்ட்ரா வயலட் விளக்கு போன்றவை பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் விழும்.

5. தேவையையும் வரத்தையும் அளங்கள்

நெருக்கடிக் காலத்துக்காக உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் தரம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து. மழைநீர்த் தொட்டியைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 7 லிட்டர் என்று கணக்கிடலாம்.

ஊற்றோ ஓடையோ இருந்தால் 20 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாளி நிறைய 40 விநாடி ஆனால் விநாடிக்கு அரை லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் அளந்த எண்ணை வைத்துத் திட்டம் போட்டால் கோடையில் குழாயில் காற்றுதான் வரும். கோடை முடியும் வேளையில் அளங்கள். முடியாவிட்டால் அமைப்பின் உள்ளூர் ஆட்கள் அளந்து வைத்ததைக் கேளுங்கள். தலைக்கு எத்தனை லிட்டர் என்று பிரிக்கும்போது அந்தக் கோடை எண்ணையே எடுக்க வேண்டும்.

மழைக்கு இன்னும் எளிய கணக்கு. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். தெறிப்பது, ஆவியாவது, கூரையோரப் பீலியைத் தாண்டி வழிவது போகத் தகரக் கூரையில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறு பேர் உள்ள வீடு, 40 சதுர மீட்டர் கூரை. ஒரு நாளைக்கு 42 லிட்டர். 90 நாள் மழையே இல்லாமல் போனால் 3,780 லிட்டர் வேண்டும். ஆக 4,000 லிட்டர் தொட்டி. இந்தக் கூரையில் ஒரு மி.மீ. மழைக்கு 32 லிட்டர் வருவதால் அந்த 3,780 லிட்டர் சேர 120 மி.மீ. அளவுக்கு மழை வேண்டும். அது பெய்யும் நாட்களிலும் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டிருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வறட்சி எத்தனை நாள் நீளும் என்பதை ஆண்டுச் சராசரி மழை சொல்லாது. 2011இல் பசிபிக் தீவு நாடான துவாலு நீர் நெருக்கடிக்காக அவசரநிலை அறிவித்தது. பசிபிக் கடல் நடுவில் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா காலத்தில் அந்தப் பகுதி வறளும். வனுவாட்டு, ஃபிஜி பக்கம் அதற்கு நேர்மாறாகக் கடல் சூடாகும் எல் நினோ வந்தால் வறட்சி. அந்த நாட்டு வானிலைத் துறையிடம் மிக நீண்ட வறட்சி எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு அதற்கேற்பத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

6. நீரைச் சோதியுங்கள்

தெளிவாக இருக்கும் நீர் நல்ல நீர் என்று நம்பிவிடாதீர்கள். வங்கதேசத்தில் 1970களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி இல்லாத நீர் என்பதுதான் நோக்கம். அதில் ஆர்சனிக் இருப்பது 1993இல்தான் உறுதியானது. ஒருமுறையாவது மாதிரியைத் தலைநகரின் ஆய்வகத்துக்கு அனுப்பி, ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் பார்த்துவிட வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மி.கி., ஃபுளோரைடு 1.5 மி.கி. இவைதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள்.

மழைநீருக்குமா? ஆமாம், எரிமலைத் தீவுகளில். வனுவாட்டுவின் அம்ப்ரிம் தீவில் எரிமலைப் புகையிலிருந்து மழைநீரில் ஃபுளோரைடு கலந்து பிள்ளைகளின் பற்கள் கறைபட்டிருப்பதாக ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. சாம்பல் விழும் காலத்தில் கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

கிருமிக்கு எளியது கருமையாகும் குப்பிச் சோதனை. நீரை ஊற்றி நிழலில் வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கருமையாக மாறினால் மலக் கலப்பு இருக்கலாம். ஆழ்கிணற்று நீரில் இயற்கையாகவே கந்தகம் இருந்தால் பொய்யாகக் கறுக்கும், அங்கே மலத்தில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை எண்ணிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். 100 மி.லி.யில் ஒன்றும் இருக்கக் கூடாது.

நீரெடுக்கும் இடத்தில் மட்டும் சோதிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. வீட்டில், குடிக்கும் குவளையிலும் சோதியுங்கள். கிணற்றில் சுத்தமாக வந்த நீர் வாளியிலும் கையிலும் கெட்டுப்போவது சாதாரணம். அப்படியிருந்தால் உங்கள் முதல் வேலை மூடியும் சிறு குழாயும் வைத்த பாத்திரம்தான், தொட்டி இரண்டாவது.

7. தீவுக்கு ஏற்ற நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள்

பவழத் தீவின் மணலுக்கடியில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் அந்த உயரம் சில அங்குலங்களே. இடையில் உப்பு கலந்த அடுக்கும் உண்டு. பம்பு போட்டு வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும், மறுபடி இறங்கப் பல மாதங்கள் ஆகலாம்.

ஆகவே ஆழமாகத் தோண்டாதீர்கள். பசிபிக் நாடான கிரிபாட்டியின் தலைநகர்த் தீவான தராவாவில் துளையிட்ட குழாய்களை நிலத்தடி நீர்மட்டத்தில் படுக்கையாகப் பதித்து, மேலடுக்கு நன்னீரை மட்டும் மெல்ல வழித்தெடுக்கிறார்கள். சிறு ஊருக்கு ஆழமில்லாத கிணறும் கைபம்பும் அதே வேலையைச் செய்யும். மின்கடத்து மீட்டரை வாராவாரம் பார்த்து வாருங்கள். அது காட்டும் எண் சென்டிமீட்டருக்கு 2,500 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் இறைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கழிவறை குறைந்தது 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், மணலில் இன்னும் அதிகமாக. பன்றிக் கொட்டகையும் அதே கணக்கில்தான்.

மலைத் தீவானால் ஊற்றுநீரைச் சரிவில் இறக்கிக் கொண்டுவருவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. பம்பு வேண்டாம், எரிபொருள் வேண்டாம். 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஒரு பார் அழுத்தம் ஏறும். குழாயில் அச்சடித்திருக்கும் வரம்பை அது தாண்டும் இடத்தில் திறந்த தொட்டி ஒன்றை நடுவில் வைத்து அழுத்தத்தை முறியுங்கள். இல்லாவிட்டால் இணைப்புகள் இரவில் வெடிக்கும். இரவில் எல்லாக் குழாயும் மூடியிருப்பதால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை அவசரத்துக்கு மட்டும் கொண்டுவாருங்கள்.

8. மழைநீர்த் தொட்டியைக் கட்டும் வரிசை

முதலில் கூரை. ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பூச்சு, ஓலை இருந்தால் குடிநீருக்கு எடுக்காதீர்கள். தகரம் நல்லது. கிளைகள் கூரைமேல் தொங்கினால் வெட்டச் சொல்லுங்கள். பறவை எச்சமும் எலியும் அங்கிருந்துதான் வருகின்றன.

அடுத்து அடித்தளம். 4,000 லிட்டர் நீர் என்றால் 4 டன். மணல்மேல் நேரடியாக வைத்த தொட்டி ஒரு பக்கம் அமிழ்ந்து, வெளிவரும் குழாயை முறித்துவிடும். அழுத்திய சரளையும் அதன்மேல் கான்கிரீட்டும் போடுங்கள். அதைத் தொட்டிக்கு ஏற்ப அகலமாகவும், வாளி குழாய்க்கு அடியில் நிற்கும் உயரத்திலும் அமையுங்கள். கான்கிரீட் நன்றாக இறுகிய பிறகு தொட்டி. காலித் தொட்டி புயலில் பறக்கும் என்பதால் கட்டியும் வையுங்கள்.

கூரையோரப் பீலி சரிவாக இருக்க வேண்டும். கயிறு கட்டிப் பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்த்து அடித்தால் நடுவில் நீர் தேங்கிக் கொசு முட்டையிடும். அதற்கப்புறம் முதல் மழையை வெளியேற்றும் குழாய். கூரையின் தூசியும் எச்சமும் முதல் நீரோடுதான் வரும். 1 மி.மீ. மழையை ஒதுக்குவதானால் நம் 40 சதுர மீட்டர் கூரைக்கு 40 லிட்டர் கொள்ளும் நிற்குழாய் வேண்டும். அடியில் சிறு துளை விட்டால் தானாகவே காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகும்.

பி.வி.சி. குழாயை ஒட்டும்போது இரு முகத்தையும் துடைத்துப் பசை பூசிச் செருகியபின் முப்பது விநாடி கையை எடுக்காமல் பிடித்திருங்கள். கை எடுத்தால் குழாய் தானே பின்னுக்கு நழுவும், கண்ணுக்குத் தெரியாது. முழு அழுத்தம் 24 மணி நேரம் கழித்துத்தான். திறந்த டப்பாவிலுள்ள பசை வெயிலில் ஜெல்லாகியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

நீர் உள்ளே வரும் இடம், வழிந்தோடும் குழாய், காற்றுப் போக்கி மூன்றுக்கும் கொசு வலை. வழிந்தோடும் குழாயின் வலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். டெங்கு கொசு அதன் வழியே உள்ளே போய்விடும். எடுக்கும் குழாயை அடியிலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில் வைத்தால் சகதி வராது. சகதியை வெளியேற்ற அடியில் தனி வால்வு.

9. கிருமிநீக்கம்

புதுத் தொட்டியை லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் கரைசலால் நிரப்பி ஓர் இரவு விட்டு, ஓடையிலோ தோட்டத்திலோ கலக்காமல் வடியுங்கள். அப்புறம் தினப்படி அளவு. சாதாரணத் தெளிந்த நீருக்கு லிட்டருக்கு 2 மி.கி.யிலிருந்து தொடங்கலாம். 1,000 லிட்டருக்கு 2 கிராம் குளோரின், அதாவது 65 சதவீதப் பவுடரில் ஏறத்தாழ 3 கிராம். பவுடர் பழையதாகவும் ஈரம் பட்டும் இருந்தால் வீரியம் குறைந்திருக்கும். அதனால் கணக்கை மட்டும் நம்பாமல் மாத்திரை போட்டுப் பாருங்கள்.

குளோரினைக் கலக்கி 30 நிமிடம் விட்டு, சோதனைக் குழாயில் 10 மி.லி. எடுத்து டி.பி.டி. மாத்திரையை நசுக்கிப் போடுவீர்கள். நிறம் இல்லையென்றால் குளோரின் முழுவதும் அழுக்கைச் சுத்தம் செய்வதிலேயே தீர்ந்துவிட்டது. இளஞ்சிவப்பு வர வேண்டும். அட்டையில் 0.5 மி.கி. நிறத்தோடு ஒத்துப்போகும்வரை அளவை மெல்லக் கூட்டுங்கள். கலங்கல் நீருக்குக் குளோரின் வேலை செய்யாது. முதலில் தெளியவைத்து, துணியிலோ மணலிலோ வடிகட்டுங்கள்.

குளோரின் வாடை வருகிறதென்று ஊரார் தண்ணீரையே ஒதுக்கிவிடுவது உண்டு. ஆகவே அளவைப் பிசகவிடாதீர்கள், எதற்குப் போடுகிறோம் என்று முன்பே கூடிப் பேசுங்கள். விருப்பமில்லை என்றால் நிறமற்ற பி.இ.டி. பிளாஸ்டிக் பாட்டிலில் நீரை நிரப்பி ஆறு மணி நேரம் முழு வெயிலில் வைப்பது (மேகமானால் இரண்டு நாள்) நல்ல மாற்று. உயிர்மணல் ஃபில்டர் போட்டால் கிருமிகளைத் தின்னும் நுண்ணுயிர் அடுக்கு மணலின் மேல் வளர ஒரு மாதம் வரை ஆகும். அந்த நாட்களில் நீரைக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவைக்காவிட்டால் ஃபில்டரே பழியை ஏற்கும்.

10. ஒப்படைப்பு

கிளம்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கையை எடுத்துவிடுங்கள். பராமரிப்பாளர்கள் இருவரும் நடத்தட்டும்; நீங்கள் பக்கத்தில் நின்று கேள்வி மட்டும் கேளுங்கள். குழாயை வேண்டுமென்றே கழற்றிவைத்து அவர்களையே சரிசெய்யச் சொல்வதும் நல்ல பயிற்சி. இதில் எந்தக் கருவி இல்லை, எந்த அளவு வாஷர் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் வெளிவரும்.

ஒரு நோட்டில் மழையளவு, நீர்மட்டம், குளோரின் அளவு, பழுது, செலவு ஆகியவற்றை அவர்கள் மொழியில் எழுதப் பழக்குங்கள். உதிரிப் பொருள் பெட்டியில் வாஷர், டெஃப்லான் டேப், ஒரு வால்வு, புதுக் குழாய், கொசு வலை இருக்கட்டும். செலவுக்கு மாதம் எவ்வளவு சேர்ப்பது, யார் சாவி வைத்திருப்பது என்பதை ஊரே சொல்லட்டும். பணமாகத்தான் என்றில்லை, மீன் விற்ற பங்கோ, ஒரு நாள் உழைப்போகூட ஒத்துவரலாம்.

ஊருக்குத் திரும்பிய பின் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பேசுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசியாக எழுதிய தேதி என்ன, குளோரின் அளவு எவ்வளவு, எந்த வாஷர் மாறியது என்று பாருங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால் உள்ளூர் அமைப்பின் ஆளை அந்த வாரமே படகில் அனுப்பச் சொல்லுங்கள்.